வீட்டுக்காரர் கடமையும் குடியிருப்போர் உரிமையும்

(தோட்டக் கிளைச் சங்கக் கூட்டத்தில் தொழிலாளர்களுக்கும் கிராணிமார்களுக்கும் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், நிரையை முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீடு திரும்பிக் குளித்தும் குளிக்காமலும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே பேச்சை நீட்டி உங்கள் பொறுமையைச் சோதிக்க நாங்கள் விரும்பவில்லை. இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் சம்பளமுமல்ல, போனசுமல்ல. நாம் படுத்தெழும்பும் வீட்டைப் பற்றியது.

சம்பளத்தில் ஒரு வெள்ளி குறைந்தால் நாம் சும்மா இருப்பதில்லை. ஆபீசுக்குப் போகிறோம், சங்கத்துக்கு ஆள் அனுப்புகிறோம். ஆனால் கூரை ஒழுகினால்? சட்டியை வைத்துத் தண்ணீரைப் பிடிக்கிறோம். கக்கூஸ் அடைத்துக்கொண்டால்? மூக்கைப் பொத்திக்கொண்டு பொழுதைக் கழிக்கிறோம். காரணம் என்ன? சம்பளம் நாம் உழைத்துப் பெறுவது, வீடு மட்டும் யாரோ தயவு பண்ணிக் கொடுத்தது என்று நம் மனதில் படிந்துவிட்டது. இந்த எண்ணம் தவறு என்று சொல்லவே இன்று வந்திருக்கிறோம்.

நாங்கள் கண்ட ஒரு வீடு

சில காலத்துக்கு முன் ஒரு சிறு பட்டணத்திலிருந்து எங்களுக்குத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தோம். கடை வீட்டு மாடி. கீழே கடை, மேலே மூன்று அறைகள். ஒவ்வோர் அறையும் பத்தடிக்குப் பத்தடி. அறைக்கு ஆறு பேர் வீதம் பதினெட்டுப் பேர். நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலர், நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தோழர்கள் பலர். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. இறங்க ஒரே மரப்படி. அந்தப் படியிலும் சமையல் எரிவாயுத் தோம்பை நிறுத்தி வைத்திருந்தார்கள். நெருப்புப் பிடித்தால் எந்த வழியே இறங்குவது என்று கேட்டோம். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அவர்களை அங்கே வைத்தவர் ஒரு காண்டிராக்ட்காரர். மாதாமாதம் சம்பளத்தில் வீட்டுக் கூலி என்று பிடித்துக்கொண்டார். ஒரு மழை நாள் இரவில் உட்கூரைப் பலகை இற்று விழுந்து ஒருவர் தோளில் காயம். பழுது பார்க்கச் சொன்னால், “கடைக்காரரைக் கேள்” என்றார் காண்டிராக்ட்காரர். “உங்களை வைத்தவரைக் கேள்” என்றார் கடைக்காரர். பந்து இருவர் கையிலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் நின்றவர்கள் நனைந்துகொண்டிருந்தார்கள்.

“இந்த இடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் இருக்கிறதா?” என்று கேட்டோம். அப்படி ஒன்று உண்டு என்பதே அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இருந்ததா என்று விசாரித்தோம். இல்லை.

அந்தச் சான்றிதழ் என்ன, அது இல்லாவிட்டால் யார் குற்றவாளி, அந்த வீட்டில் இருப்பவருக்கு என்ன உரிமை என்பவற்றைத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம். அந்த மாடியில் நடந்ததன் முடிவைப் பின்னால் சொல்கிறோம்.

லயத்திலிருந்து சட்டம் வரை

நம் பாட்டன் பூட்டன் வந்திறங்கிய காலத்து லயங்களை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பத்துக்குப் பத்து அறை, முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள், வரிசைக்கு ஒரு குழாய். அந்த நிலை தானாக மாறிவிடவில்லை. கேட்டார்கள், எழுதினார்கள், வேலை நிறுத்தம் செய்தார்கள். கேட்கக் கேட்கச் சட்டம் வந்தது. 1966-ஆம் ஆண்டில் தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் இன்னது என்று ஒரு சட்டம் வகுத்தார்கள். 1990-ஆம் ஆண்டில் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. அதுவே 446-ஆம் எண் சட்டம். எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாலு, நாலு, ஆறு.

தோட்டத்தில் வீடு கொடுக்கும் நிர்வாகத்துக்கு அந்தச் சட்டம் சில கடமைகளை விதிக்கிறது. போதிய குழாய்த் தண்ணீர், அதுவும் இலவசமாக. போதிய மின்சாரம். கட்டடத்தைப் பழுதில்லாமல் வைத்திருத்தல். அத்தோடு, வாரத்துக்கு ஒரு தடவையாவது பொறுப்புள்ள ஒருவர் வீடுகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கடமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெட்டு ஆழமாகி மரத்தில் காயம் பட்டால் மண்டோர் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுகிறார். பட்டை எவ்வளவு போயிற்று என்று அளந்து பார்க்கிறார்கள். மரத்துக்கு இத்தனை சோதனை! அந்த மரத்தை வெட்டுகிறவன் படுக்கும் வீட்டுக்கு வாரம் ஒரு சோதனை செய்தால் என்ன குடி முழுகிவிடும்? நிர்வாகத்தாரைக் கேட்க வேண்டிய கேள்வி இது. மரியாதையாகக் கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டும்.

சான்றிதழ் என்பது என்ன?

முன்பெல்லாம் அந்தச் சட்டம் பெரும்பாலும் தோட்டம், சுரங்கம் ஆகியவற்றோடு நின்றது. தொழிற்சாலையிலும் கட்டடவேலையிலும் கடைகளிலும் வேலை செய்வோர் கோழிக்கூண்டு மாதிரியான இடங்களில் அடைபட்டுக் கிடந்தாலும் கேட்க வழி குறைவாக இருந்தது. 2019-ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தம் 2020 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்து எல்லாத் தொழில்களுக்கும் விரிந்தது.

இந்தத் திருத்தத்தின் சாரம் யாதெனில்: தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் இல்லாத இடத்தில் தொழிலாளரைத் தங்கவைக்கக் கூடாது. மலாயில் அதைப் ‘பெராக்குவான் பெங்ஙினாப்பான்’ என்பார்கள். அதை வாங்க வேண்டியவர் முதலாளி. அல்லது விடுதி நடத்துகிறவர். வாங்காமல் ஆளை வைத்தால் குற்றம். குற்றம் நிரூபணமானால் 50,000 வெள்ளி வரை அபராதம்.

அதே 2020-ஆம் ஆண்டில் வந்த விதிகள் இடத்துக்கும் கணக்குச் சொல்கின்றன. சாதாரண வீடு, அறை என்றால் படுக்குமிடத்தில் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர். பலர் சேர்ந்து படுக்கும் விடுதிக் கூடம் என்றால் ஆளுக்கு 3 சதுர மீட்டர். கக்கூசும் குளியலறையும் வீட்டில் ஆறு பேருக்கு ஒன்று. விடுதிக் கூடத்தில் பதினைந்து பேருக்கு ஒன்று. கட்டில், மெத்தை, தலையணை, போர்வை, பூட்டி வைக்க ஓர் அலமாரி ஆகியவையும் கொடுக்க வேண்டும்.

மீட்டர் கணக்கு நமக்குச் சட்டென்று பிடிபடாது. நமக்குத் தெரிந்த பத்தடிக்குப் பத்தடி அறையையே எடுத்துக்கொள்வோம். அது நூறு சதுர அடி, ஏறக்குறைய 9.3 சதுர மீட்டர். வீட்டுக் கணக்கில் அதில் இரண்டு பேர் படுக்கலாம். விடுதிக் கணக்கில் மூன்று பேர். நாங்கள் பார்த்த மாடியில் ஆறு பேர் படுத்தார்கள். சட்டம் தெரியாதவர்கூட இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அளவு நாடா போதும்.

விடுதிகளில் நெருக்கி அடைப்பதால் என்ன விளையும் என்பதை நாடே ஒருமுறை கண்டது. 2020 நவம்பரில் கிள்ளான் வட்டாரத்தில் கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடையே கொரோனா நோய் காட்டுத் தீ மாதிரி பரவியது. அவர்கள் தங்கியிருந்த விடுதிகளின் நிலை அதற்குப் பிறகே பலர் கண்ணுக்குப் பட்டது. அதே ஆண்டில் சிங்கப்பூரிலும், தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் பிள்ளைகள் ஏராளமாகத் தங்கியிருந்த விடுதிகளில் அதே கதை. 2023 ஏப்ரல் முதல் அங்கே ஏழு படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள தொழிலாளர் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயமாகிவிட்டது. நோய் வந்த பிறகு விழிப்பதைக் காட்டிலும் வருமுன் கேட்பது நல்லது.

சான்றிதழ் இல்லாதது யார் குற்றம்?

இந்த இடத்தை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த மாடியில் இருந்தவர்களிடம் சான்றிதழ் இல்லை என்று சொன்னவுடனே அவர்கள் முகம் வெளுத்தது. தாங்களே ஏதோ கள்ளத்தனம் செய்துவிட்டதாகப் பயந்தார்கள். நம்மில் பலருக்கும் இந்தப் பயம் உண்டு. காகிதம் இல்லை என்றால் குற்றம் நம்முடையது என்று நினைப்பது நம் பழக்கமாகிவிட்டது.

அப்படியல்ல. சான்றிதழ் வாங்காத குற்றம் தங்கவைத்தவருடையது. சட்டம் அபராதம் விதிப்பது அவருக்கு. அங்கே தங்கியிருந்த குற்றத்துக்காகத் தொழிலாளருக்கு அந்தப் பிரிவில் அபராதம் கிடையாது. காண்டிராக்ட்காரர், “நீ வாயைத் திறந்தால் உனக்குத்தான் ஆபத்து” என்று மிரட்டினால், ஆபத்து உண்மையில் யாருக்கு என்பதை அவரும் அறிவார். அதனால்தான் மிரட்டுகிறார்.

இரண்டாவது பயம் இதைக் காட்டிலும் நியாயமானது. “சொன்னால் இலாகா வந்து இடத்தை மூடிவிடும். அப்புறம் நாங்கள் எங்கே போவது? எலி வளையானாலும் தனி வளை வேண்டுமே!” என்று ஒரு தோழர் எங்களைக் கேட்டார். இதற்கு வீராவேசமாகப் பதில் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் இரவு மழையில் நிற்கப் போகிறவர் அவரேயன்றி நாங்களல்ல. ஆகவே நாங்கள் சொல்லும் வழி இது: வீடு சரியில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். “பழுது பார்க்க வேண்டும், சான்றிதழ் வாங்க வேண்டும், அது வரை தகுந்த மாற்று இடம் கொடுக்க வேண்டும்” என்று மூன்றையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். மனுவைச் சங்கத்தின் மூலம் கொண்டு போங்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஒருவர் போட்டால் ஒருவரை வெளியே தள்ளலாம். பதினெட்டுப் பேரையும் ஒரே நாளில் தள்ளினால் மறுநாள் வேலைக்கு ஆள் ஏது?

பிற நாட்டுத் தோழர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் கையெழுத்துப் போடுவதும் கூடாது. சட்டம் அவர்களுக்கும் சேர்த்தே இருக்கிறது. ஒரு காலத்தில் கப்பலேறி வந்து பாஷை தெரியாமல் நின்றவர்கள் நம் பாட்டனார்கள். இன்று அந்த இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள்.

பட்டணத்து வாடகை வீடு

நிற்க. இதுவரை வேலையோடு சேர்ந்து வரும் வீட்டைப் பற்றிப் பேசினோம். தோட்டம் விற்கப்பட்டு, துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் தாமானாகவும் மாறியபின் வெளியேறிய நம் குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் பட்டணத்தில் தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளும் வேலை தேடி அங்கே போகிறார்கள். அவர்கள் நிலை வேறு.

446-ஆம் எண் சட்டம் முதலாளி தங்கவைக்கும் இடத்துக்கு. முதலாளியல்லாத ஒருவரிடம் நாமே போய் வாடகைக்கு எடுக்கும் வீட்டுக்கு அந்தச் சான்றிதழ் இல்லை. முன்பு 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 1948-க்கு முன் கட்டிய பழைய வீடுகளில் குடியிருந்தோருக்கு அது நிழலாக இருந்தது. 1997-ல் அதை ரத்து செய்தார்கள். 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அந்த நிழலும் முழுவதும் போய்விட்டது. வாடகைக் குடியிருப்போருக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரப் போவதாக அரசாங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. அது வரும்வரையில் நம்மைக் காப்பது நாம் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமும் பொதுச் சட்டங்களுமே.

ஆனால் ஒன்றுமே இல்லை என்று கைவிரிக்க வேண்டியதில்லை. மூன்று விஷயங்களை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: வாடகைக்கு விட்டவர் தவணை முடிந்தாலும் தாமாகவே பூட்டை மாற்றி, சாமானைத் தெருவில் போட்டு, குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. நீதிமன்றத்தின் மூலமே வீட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்று 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி, தாமாகவே ஓட வைக்கப் பார்ப்பதும் நேர்மையான வழியல்ல. அப்படி நடந்தால் அன்றைக்கே போலீசில் புகார் எழுதிக் கொடுத்து, அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: வீட்டுக்குப் பின்னால் நகர மன்றத்தின் அனுமதியில்லாமல் தகரம் அடித்து அறை தடுத்து வாடகைக்கு விடுகிறவர்கள் உண்டு. கட்டடத்தில் இப்படி மாற்றம் செய்ய 1974-ஆம் ஆண்டு தெரு, வடிகால், கட்டடச் சட்டப்படி நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். வாடகை மலிவு என்று அங்கே குடிபோகும்முன் மூன்றைப் பாருங்கள். நெருப்புப் பிடித்தால் இறங்க இரண்டாவது வழி உண்டா? மின்சாரக் கம்பி ஒழுங்காக இழுத்ததா, பக்கத்து வீட்டிலிருந்து கள்ளத்தனமாக இழுத்ததா? தண்ணீர் மீட்டர் யார் பெயரில் இருக்கிறது? பில் கட்டாத வீட்டுக்காரரின் கடனுக்காக உங்கள் குழாய் வற்றிப் போகும்.

மூன்றாவது: ஒப்பந்தத்தை எழுத்தில் வையுங்கள். பழுது பார்ப்பது யார் பொறுப்பு, எத்தனை நாளுக்குள், முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்ப வரும் என்பவற்றை எழுதிவிட்டால் பின்னால் சண்டைக்கு இடமில்லை. எழுதியதற்கு முத்திரை வரி கட்டி முத்திரையிடுங்கள். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. பிறகு அபராதத்தோடு கட்டித்தான் கொண்டு வர வேண்டியிருக்கும். முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்று வீட்டுக்காரர் அடம்பிடித்தால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி 5,000 வெள்ளி வரை வக்கீல் இல்லாமல் நாமே கேட்கலாம்.

கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள்

இங்கே உங்களுக்குப் பிடிக்காத ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. “கூரையைச் சரிபண்ணும் வரை வாடகை தரமாட்டேன்” என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நிறுத்திய அன்றே நியாயம் கைமாறிவிடுகிறது. அதுவரை கடமை தவறியவர் வீட்டுக்காரர். அதற்குப் பிறகு பாக்கிக்காரர் நீங்கள்.

1951-ஆம் ஆண்டு ஜப்திச் சட்டம் ஒன்று இருக்கிறது. வாடகை பாக்கி என்று வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் மனுப் போட்டால், பன்னிரண்டு மாதம் வரையிலான பாக்கிக்காக வீட்டிலுள்ள சாமான்களைப் பறிமுதல் செய்ய உத்தரவு வாங்கலாம். நம் முகத்தைக் கேட்காமலே அந்த உத்தரவு வந்துவிடக்கூடும். தவணை முடிந்தபின் பிடிவாதமாக இருந்தால் இரட்டை வாடகை கேட்கவும் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே வாடகையைத் தவணை தவறாமல் கட்டுங்கள். கட்டிக்கொண்டே கேளுங்கள். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறவன் குரலுக்குத் தனிப் பலம் உண்டு.

செய்ய வேண்டியது என்ன?

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஆதாரம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கூரை ஒழுகிய நாள், குழாய் வராத நாள், யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று தேதி போட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். கைப்பேசி இல்லாத வீடு இன்று அபூர்வம். ஒழுகும் இடத்தையும் உடைந்த படியையும் படம் எடுத்து வையுங்கள். வீட்டுக்காரர் அனுப்பிய செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

வாடகை கட்டினால் ரசீது. சம்பளத்தில் பிடித்தால் சம்பளச் சீட்டு. தொழிலாளர் தங்குமிடத்துக்கு 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆளுக்கு மாதம் 100 வெள்ளிக்கு மேல் வாங்கக் கூடாது. சீட்டு இல்லாவிட்டால் எவ்வளவு பிடித்தார்கள் என்பதை எப்படிக் காட்டுவது?

அடுத்தது கடிதம். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். நியாயமான நாள் கெடு வையுங்கள். கெடு கடந்தால் முதலாளி கொடுத்த வீடானால் சங்கத்தின் மூலம் தொழிலாளர் இலாகாவுக்கு. தனியார் வீட்டில் அனுமதியில்லாத கட்டடமோ சாக்கடையோ என்றால் நகர மன்றத்துக்கு.

கிராணிமார்களே, இங்கே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சட்டத்தைப் படிக்கவும் மனு எழுதவும் தெரிந்தவர்கள் நீங்கள். ஆபீசில் நிர்வாகத்தின் கணக்கை எழுதுகிறீர்கள். அது உங்கள் உத்தியோகம். மாலையில் ஒரு மணி நேரம் பால்வெட்டுக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் உங்கள் கௌரவம் குறைந்துவிடாது. உங்கள் கிராணி வீட்டின் கூரையும் ஒருநாள் ஒழுகும்.

நம் கடமையையும் மறந்துவிடக் கூடாது. கொசுப் புழு வளரும்படி தண்ணீர் தேங்கவிட்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியிருப்பவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். குப்பையை வாய்க்காலில் கொட்டிவிட்டு வாய்க்கால் அடைத்துக்கொண்டது என்று மனு எழுதினால் யார் மதிப்பார்கள்? வீட்டை நாம் சுத்தமாக வைத்திருந்தால் வீட்டுக்காரரின் அலட்சியம் தனியே தெரியும்.

மாடியில் நடந்தது

அந்தப் பதினெட்டுப் பேரின் கதையை முடிக்கிறோம். பக்கத்துத் தோட்டத்துக் கிராணி ஒருவர் மனு எழுதிக் கொடுத்தார். பதினாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எழுதத் தெரியாத ஒருவர் பெருவிரல் ரேகை வைத்தார். பாக்கி ஒருவர் பயந்து விலகினார். அவரை யாரும் ஏசவில்லை. நகல் இலாகாவுக்குப் போயிற்று. விசாரணைக்கு வரப் போகிறார்கள் என்று தெரிந்தவுடன், இத்தனை நாளும் பந்து விளையாடிய இருவரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள்! சில வாரத்தில் அவர்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அறைக்கு மூன்று பேர், போதிய கக்கூஸ், இறங்க இரண்டு வழி. பயந்து விலகியவருக்கும் அங்கே ஒரு கட்டில் கிடைத்தது.

ஆனால் முழு வெற்றி என்று சொல்ல மாட்டோம். மனுப் போடும்முன்பே வெறுத்துப்போய் வேலையை விட்டு விலகிய இருவர், அதிகமாகப் பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். சம்பளச் சீட்டு இல்லை, நோட்டுப் புத்தகம் இல்லை, தேதியும் ஞாபகமில்லை. அவர்கள் சொன்னது உண்மை என்று எங்களுக்குத் தெரியும். இருந்தும் அவர்களுக்காக ஒரு வெள்ளிகூட வாங்கிக் கொடுக்க எங்களால் முடியவில்லை. இன்றும் அதை நினைத்தால் எங்களுக்கு வருத்தம்தான். அந்த வருத்தமே இன்று உங்கள் முன் எங்களைப் பேச வைத்தது.

சகோதர சகோதரிகளே! சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அது தானாக நடந்து வந்து நம் கதவைத் தட்டாது. அடிமேல் அடி அடித்தால்தான் அம்மியும் நகரும். இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். நீங்கள் படுக்கும் அறையை அளந்து பாருங்கள். அதில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். இரண்டையும் தேதி போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள். அதிலிருந்து நாம் தொடங்குவோம்.